பணியிடத்தில் பழகுதல்

தமிழில் ‘பழகு’ என்ற சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. கையெழுத்துப் பழகுவதும் பழகுதல்தான், மனிதர்களோடு பழகுவதும் பழகுதல்தான். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்குப் பணியிடச் சமூகத் திறன்களைக் கற்றுத்தருவோர் இந்த இரண்டையும் பிரிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. யாரிடம் எப்படிப் பேசுவது, எப்போது சும்மா இருப்பது என்பதையெல்லாம் மற்ற இளைஞர்கள் யாரும் சொல்லித்தராமலே பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு அது தானாக வருவதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்பதைப்போல ஒவ்வோர் அசைவாகச் செய்துபார்த்துத்தான் வருகிறது. ஆனால் வருகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் அறிவுசார் குறைபாட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்கிறது. சிந்தித்தல், கற்றல், சிக்கலுக்கு வழிகாணுதல் ஆகியவற்றில் உள்ள தடை ஒன்று. அன்றாட வாழ்வின் சமூக, நடைமுறைத் திறன்களில் உள்ள தடை மற்றொன்று. தொழிற்பயிற்சிக் கூடங்களில் பெரும்பாலும் கைவேலைக்குக் கிடைக்கும் கவனம் இந்த இரண்டாவது பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. காகிதப் பை ஒட்டுவது, அகல்விளக்குக்கு வண்ணம் தீட்டுவது, மசாலாப் பொடியை நிறுத்துப் பொட்டலம் போடுவது எல்லாம் வருடக்கணக்கில் நடக்கும். அப்படிப் பயின்ற ஓர் இளைஞர் தியாகராய நகர் ஜவுளிக் கடையொன்றின் பேக்கிங் கவுன்டரில் சேர்ந்தால், புடவையை மடித்துப் பையில் போடுவதை இரண்டு மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார். மூன்றாவது மாதம் வேலையிலிருந்து நிற்க நேர்ந்தால் அதற்குக் காரணம் புடவையாக இருப்பது அரிது. வாங்க வந்த பெண்ணிடம் “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டிருப்பார். சூப்பர்வைசர் குரலை உயர்த்தியதும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். அல்லது “நான் சரியா செய்யறேனா?” என்று ஒரே நாளில் முப்பது தடவை கேட்டு, பக்கத்தில் நிற்பவரை ஓய்ந்துபோக வைத்திருப்பார். இவை மூன்றும் கற்றுத்தரக்கூடியவை. கற்றுத்தராமல் அனுப்பிவிட்டு, “இவனுக்கு வேலை ஒத்துவராது” என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

பணியிடத்தை முதலில் படித்தல்

இளைஞர் இன்று எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிவதற்குச் சென்னையிலேயே உருவான கருவி ஒன்று இருக்கிறது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பின் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் வகுத்த ‘மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ நாடு முழுவதும் சிறப்புக் கல்வியாளர்களுக்குப் பழக்கமானது. அதில் 18 பகுதிகள். பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் செய்கிறாரா, இல்லையா என்று குறித்துக்கொண்டே போகலாம். சமூகத் தொடர்பு ஒரு பகுதிதான் என்றாலும், பணம், நேரம், பேச்சு, சுற்றுப்புற அறிவு ஆகிய பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேலைக்குப் போகும் ஒருவரின் படம் முழுமையாகும். மணி பார்க்கத் தெரியாதவரிடம் “பத்து நிமிஷத்துல வா” என்று சொல்வதில் பயனில்லை. அவர் தாமதமாக வந்தால் அது ஒழுக்கக் குறைவாகாது.

அளவுகோல் இளைஞரைப் பற்றிச் சொல்லும். கடையைப் பற்றிச் சொல்லாது. ஆகவே பயிற்றுநர் ஒரு முழு நாளாவது அந்தப் பணியிடத்தில் நோட்டும் கையுமாக நிற்க வேண்டும். காலையில் வருபவர்கள் யாருக்கு முதலில் வணக்கம் சொல்கிறார்கள்? சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறார்களா? டீ எத்தனை மணிக்கு, யார் போய் வாங்கி வருகிறார், காசை யார் கொடுக்கிறார்? சாப்பாட்டை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுகிறார்களா, தனித்தனியாகவா? சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே திட்டுகிறவரா, திட்டாமலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரா? கழிவறைக்குப் போக யாரிடம் சொல்ல வேண்டும்?

ஜவுளிக் கடைகளில் ஒன்றைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கால் வலித்தால் யோசிக்காமல் உட்கார்ந்துவிடும் இளைஞரைத் திமிர் பிடித்தவர் என்று எண்ணும் இடங்கள் இன்னும் இருக்கக்கூடும். இருக்கை எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் மற்றவர்கள் உட்காருகிறார்கள் என்பது நோட்டில் ஏற வேண்டும்.

இப்படி எழுதிவந்த பட்டியல்தான் பாடத்திட்டம். மயிலாப்பூர் மாடவீதியில் உள்ள பூஜைப் பொருள் கடைக்கும், அடையாறில் உள்ள பேக்கரிக்கும், நகல் எடுக்கும் கடைக்கும் ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு கற்றுத்தந்தால் மூன்றிலும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

குழந்தை என்ற சொல்லை விடுதல்

சென்னை, குறைபாடுள்ள சிறு குழந்தைகளுக்காக முன்கூட்டியே யோசித்த நகரம். கீழ்ப்பாக்கத்தில் பால விஹார் 1953லேயே தொடங்கியது. கோட்டூர்புரத்தின் வித்யா சாகர் 1985இல் வந்தது. பச்சிளம் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்கும் மதுரம் நாராயணன் மையம் தியாகராய நகரில் 1989இல் பிறந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து பயிற்சி பெற்றவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டியவர்கள். ஆனால் வீட்டிலும் மையங்களிலும் அவர்கள் இன்னும் ‘குழந்தைகள்’தான். மீசை முளைத்த ஆணை “கண்ணா, குட் பாய்” என்றும், இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் “பாப்பா” என்றும் அழைத்து, கன்னத்தைத் தட்டிப் பழக்கியிருக்கிறோம். அன்பில் குறையில்லை. ஆனால் குழந்தையாக நடத்தப்பட்டவருக்குப் பெரியவராக நடந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்று பணியிடம் எதிர்பார்க்கும்போது அந்த அன்பே இடறுகிறது. இருபது வருடம் எல்லோரையும் ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று அழைத்துக் கட்டிப்பிடித்தவர், கடையில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது என்று எப்படி அறிவார்?

ஆகவே பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து பயிற்றுநர் அவரை ‘நீங்க’ என்று அழைக்க வேண்டும். கேள்வியை அவரிடமே கேட்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாலும் பயிற்றுநரின் பார்வை இளைஞர்மேல்தான் இருக்க வேண்டும். தாய்மாருக்கு இது கடினம். இத்தனை வருடமும் பிள்ளைக்காகப் பேசிப் பேசியே அவனைக் காப்பாற்றி வந்தவர்களிடம், இனி கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று சொல்வதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

ங்க, டா, சார், அண்ணா

தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. வா, வாங்க, சொல்லு, சொல்லுங்க. ஒரு ‘ங்க’ விட்டுப்போனால் மனிதர் மனம் சுருங்கிவிடும். அறிவுசார் குறைபாடுள்ள பலர், எதிரில் இருப்பவர் பேசும் வாக்கியத்தின் முடிவையே திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். சூப்பர்வைசர் வாஞ்சையோடு “என்னடா, சாப்பிட்டியா?” என்கிறார். “சாப்பிட்டேன்டா” என்று பதில் வருகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்ததால் அது நல்லது என்று நினைத்து அவர் அதையே மறுபடியும் சொல்கிறார். மூன்றாவது முறை யாரும் சிரிப்பதில்லை.

யார் மூத்தவர், யார் இளையவர், யார் மேலே, யார் சமம் என்று கணக்குப் போட்டுப் பேசச் சொல்லித்தருவது வீண் சுமை. கடைக்குள் காலை வைத்தால் எல்லோருக்கும் ‘ங்க’ என்ற ஒரே விதி போதும். முதலாளிக்கும் ‘ங்க’, காவலாளிக்கும் ‘ங்க’, தரை துடைக்கும் அக்காவுக்கும் ‘ங்க’. கூட வேலைசெய்யும் பையன்களுக்கு அது கொஞ்சம் விறைப்பாகத் தோன்றலாம். அவர்களே “என்னை நீன்னு கூப்பிடு” என்று சொன்னால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். கூடுதல் மரியாதையால் யாரும் வேலை இழந்ததில்லை.

விளிச்சொற்களை மட்டும் இடத்துக்கு ஏற்பத் தேர்ந்து தர வேண்டும். வாங்க வருபவர்களுக்கு ‘சார்’, ‘மேடம்’ அல்லது ‘அம்மா’. கூட வேலைசெய்பவர்களுக்கு ‘அண்ணா’, ‘அக்கா’. மளிகைக் கடை முதலாளியை எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்றால் இவரும் அப்படியே. மயிலாப்பூரில் சுற்றிலும் ‘மாமி’, ‘மாமா’ என்று காதில் விழுந்தாலும், அது உறவோ நெடுநாள் பழக்கமோ உள்ளவர்கள் சொல்வது. புதிதாகச் சேர்ந்தவர் ‘அம்மா’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒவ்வொருவரின் புகைப்படத்தையும் அவர்கள் சம்மதத்தோடு எடுத்து, கீழே அழைக்கும் சொல்லை எழுதி, வீட்டில் பார்த்துப் பழகச் சொன்னால் ஒரு வாரத்தில் பதிந்துவிடும்.

சொன்னதற்கும் பொருளுக்கும் இடையே

சென்னைப் பேச்சில் பாதி, சொல்லின் நேர்ப்பொருளில் இருப்பதில்லை. “சாப்பிட்டாச்சா?” என்பது நலம் விசாரிப்பு. நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவர் காலையில் தின்ற இட்லியின் எண்ணிக்கை, சட்னியின் நிறம் வரை சொல்லத் தொடங்குவார். “ஒரு நிமிஷம்” என்பது அறுபது நொடி அல்ல. “இதோ வந்துட்டேன்” என்பவர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். “பார்க்கலாம்” என்றால் பெரும்பாலும் ‘இல்லை’ என்று அர்த்தம். லீவு கேட்டதற்கு முதலாளி “பார்க்கலாம்பா” என்று சொல்ல, கிடைத்துவிட்டது என்று நம்பி மறுநாள் வராமல் இருந்தால், அது பொய்யும் அல்ல, பொறுப்பின்மையும் அல்ல.

இத்தகைய தொடர்கள் ஒரு பணியிடத்தில் பதினைந்து இருபதுக்கு மேல் இருப்பதில்லை. நோட்டோடு நின்ற நாளிலேயே அவற்றைச் சேகரித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பதிலைப் பழக்க வேண்டும். “சாப்பிட்டாச்சா?” என்றால் “ஆச்சுங்க, நீங்க?” அவ்வளவுதான். “பார்க்கலாம்” என்றால் “சார், நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா?” என்று நேராகக் கேட்பது. கிண்டல் வேறு விஷயம். கையிலிருந்த பெட்டி விழுந்தவுடன் “பிரமாதம்” என்று ஒருவர் சொன்னால், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்பவருக்குக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கற்றுத்தருவதில் மாதங்கள் செலவழித்தும் பலன் குறைவு. கிண்டலைத் தவிர்க்கும்படி பணியிடத்தைக் கேட்டுக்கொள்வதே எளிது.

இதே சிக்கலின் மறுபக்கம் இளைஞரின் ‘சரி’. புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி. பள்ளிக்காலம் முழுவதும், ‘தெரியலை’ என்று சொன்னபோதெல்லாம் திட்டோ சிரிப்போ கிடைத்திருக்கிறது. தலையாட்டினால் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்று கற்றுக்கொண்டிருக்கிறார். இந்த அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் கற்றுத்தர முடியும் என்றால் அது “புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்பதாக இருக்க வேண்டும். அதைச் சொல்லும் தைரியம் வர, பயிற்சியில் வேண்டுமென்றே புரியாத கட்டளைகளைக் கொடுக்கலாம். “அந்த நீலத்தை அங்கே வெச்சிட்டு இதை எடுத்துட்டு வாங்க” என்று, நீலமாக எதுவுமே இல்லாத அறையில் சொல்வது. அவர் விழித்து, தயங்கி, “புரியலைங்க” என்றதும் பயிற்றுநர் மனமார மகிழ வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இப்ப என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க” என்று கேட்கும்படி சூப்பர்வைசரையும் பழக்க வேண்டும்.

கற்றுத்தரும் முறை

சொல்லுதல், செய்து காட்டுதல், செய்ய வைத்தல், உடனே திருத்துதல் என்ற வரிசை எல்லாத் திறனுக்கும் பொருந்தும். நான்கில் முதலாவதைச் சுருக்கி மூன்றாவதை நீட்டுவதே கலை. 1970களில் அமெரிக்க உளவியலாளர் மார்க் கோல்ட், கற்கவே இயலாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு, பல பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பொருத்தக் கற்றுத்தந்தார். பேச்சை வெகுவாகக் குறைத்து, வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, கையால் வழிகாட்டினார். கற்பவருக்கு வரவில்லையென்றால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும், அவர்மீது பழி போடக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. பிரேக்குக்குச் செய்ததைப் பேச்சுக்கும் செய்யலாம்.

சந்தேகம் கேட்பதை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு அது ஒரே செயல். பிரித்துப் பார்த்தால்: கையில் இருப்பதைக் கீழே வைப்பது, சூப்பர்வைசர் எங்கே என்று பார்ப்பது, அவர் வேறு யாருடனாவது பேசுகிறாரா, போனில் இருக்கிறாரா என்று கவனிப்பது, பேசினால் இரண்டடி தள்ளி நின்று காத்திருப்பது, அவர் திரும்பியதும் “சார்” என்பது, அவர் பார்க்கும்வரை நிறுத்துவது, கேள்வியைக் கேட்பது, பதிலைத் திருப்பிச் சொல்வது, “சரிங்க சார்” என்று நகர்வது. பெரும்பாலானோர் தடுமாறுவது மூன்றாவது, நான்காவது படிகளில். மற்றவை ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்தவற்றையும் சேர்த்து முழுதாக நடித்துப் பார்க்க வைத்து, தடுமாறும் இடத்தில் மட்டும் கையால் சைகை காட்டினால் போதும்.

காத்திருப்பதற்கு ஒரு சிறு கதை உதவும். அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக வகுத்த ‘சமூகக் கதை’ முறையை எளிய பேச்சுத் தமிழில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: “சார் சில நேரம் கஸ்டமர்கிட்ட பேசிட்டு இருப்பார். அப்ப எனக்குச் சந்தேகம் வரலாம். நான் கண்ணாடி மேஜை பக்கத்துல நிப்பேன். சார் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பேன். காத்திருக்கறது கஷ்டமாத்தான் இருக்கும். சார் என்னைப் பார்த்ததும் கேட்பேன். நான் காத்திருந்தா சாருக்கும் கஸ்டமருக்கும் நல்லா இருக்கும்.” அந்தக் கண்ணாடி மேஜை அந்தக் கடையில் உண்மையிலேயே இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பயிற்றுநரின் குரலில் போனில் பதிவுசெய்து, பேருந்தில் போகும்போது கேட்கச் சொல்லலாம்.

வகுப்பறையில் வந்த திறன் வகுப்பறையிலேயே தங்கிவிடுவதுதான் இந்தப் பயிற்சியின் பெரிய இடர். பயிற்சி மையத்தில் அழகாக வணக்கம் சொன்னவர் கடையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். இடம், உடை, முகம் எல்லாம் மாறிவிட்டால் அவருக்கு அது புதிய பாடம். ஆகவே முதல் வாரம் அறைக்குள் நடித்துப் பழகிவிட்டு, இரண்டாம் வாரமே லஸ் முனையில் பேனா வாங்கவும், பாண்டி பஜார் நடைபாதையில் விலை கேட்கவும், டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கவும் இறங்கிவிட வேண்டும். காமராஜர் சாலையில் 2022இல் திறக்கப்பட்ட ‘அனைத்தும் சாத்தியம்’ அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் அழைத்துப்போவதும் பயன் தரும். அங்குள்ள உணவகத்தில் மாற்றுத்திறனாளிகள் பரிமாறுவதைப் பார்த்துவிட்டு வருபவர்கள், பெற்றோர் உட்பட, கேட்கும் கேள்விகள் மாறிவிடுகின்றன.

பாராட்டு குறிப்பாக இருக்க வேண்டும். “வெரி குட்” என்பது எதைப் பற்றி என்று அவருக்குத் தெரியாது. “சார் போன் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னீங்க, அது நல்லா இருந்தது” என்றால் தெரியும். திருத்துவதை நாலு பேர் முன்னால் செய்யவே கூடாது.

டீ நேரம், பணம், போன்

வேலை நேரத்துக்கு விதிகள் உண்டு. டீ நேரத்துக்கு எழுதிய விதி இல்லை. அதனால்தான் அது கடினம். எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் நிற்பது வலிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று பேச்சுப் பொருள்களைக் கையில் கொடுத்தனுப்பலாம்: நேற்றைய கிரிக்கெட், புதுப் படம், மழை. கேட்கக் கூடாதவற்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: சம்பளம், கல்யாணம், எடை, நிறம், சாதி. ஊரில் எல்லோரும் இவற்றைக் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர் கேட்டால் விசாரிப்பு, இவர் கேட்டால் குற்றம் என்று ஆகிவிடுகிற உலகத்தில் அவருக்கு எச்சரிக்கை தேவை.

பணத்தில்தான் ஏமாற்று நடக்கும். “ஒரு நூறு ரூபா கொடு, நாளைக்குத் தரேன்” என்பவரிடம் மறுக்கத் தெரியாது. திருப்பிக் கேட்கவும் தெரியாது. சம்பள நாளன்று “ட்ரீட் எங்கே?” என்று சூழ்ந்துகொள்வார்கள். முதல் சம்பளத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தருவது நல்ல வழக்கம், அதைச் செய்யட்டும். அதற்குமேல் “வீட்ல கேட்கணுங்க” என்ற ஒரே பதிலைப் பழக்கினால் சண்டையில்லாமல் தப்பிக்கலாம். போனில் பணம் அனுப்பும் ரகசிய எண்ணை யாரிடமும், கடை முதலாளியிடம்கூட, சொல்லக்கூடாது. அந்தக் கணக்கில் சிறு தொகை மட்டும் வைத்திருப்பது பாதுகாப்பு.

கடையின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்த முதல் நாளே நாற்பது ‘குட் மார்னிங்’ படங்கள் போய்ச் சேரும். இரவு பத்து மணிக்கு சூப்பர்வைசருக்கு மிஸ்டு கால் போகும், நட்பின் அடையாளமாக. ஒரு நாளைக்கு ஒரு செய்தி, அழைப்பு அவசரத்துக்கு மட்டும் என்று எண்ணிக்கையோடு சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ‘அதிகமா அனுப்பாதீங்க’ என்பதில் ‘அதிகம்’ எவ்வளவு என்று அவருக்கு விளங்காது.

உடலும் எல்லையும்

கை நீட்டினால் தொடாத தூரத்தில் நின்று பேசுவது, கைகுலுக்கலாம் ஆனால் கட்டிப்பிடிப்பதில்லை என்பவை எளிய விதிகள். ஆனால் இந்த விதிகளைக் கற்ற இளைஞர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தாலோ, நெரிசல் நேரத்தில் 29சி பேருந்தில் ஏறினாலோ, கை நீளத் தூரம் என்பது எங்கும் இல்லை. தன்னைத் தொட்டவர்கள் எல்லோரும் தவறு செய்கிறார்கள் என்று கத்தியவர்களும் உண்டு. கூட்டத்தில் தொடலாம் என்றால் கடையிலும் தொடலாம் என்று முடிவுசெய்தவர்களும் உண்டு. கூட்டம் தள்ளுவதால் படும் தொடுகைக்கும், தேடி வரும் கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பேருந்திலேயே, பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

காதல் வரும். வராது என்று நினைப்பது இவர்களை மனிதர்களாக நினைக்காததற்குச் சமம். கூட வேலைசெய்பவர் சிரித்துப் பேசினாலே காதல் என்று எண்ணிக்கொள்வது அடிக்கடி நடக்கும். “சிரிச்சுப் பேசறவங்க எல்லாம் நல்லவங்க; ஆனா சிரிப்பு சம்மதம் இல்லை” என்று பேசியே ஆக வேண்டும். ஒரு முறை ‘வேண்டாம்’ என்று சொன்னவரிடம் மறுபடி கேட்பதில்லை என்பதும் விதி.

தீங்கு செய்பவர்களிடமிருந்து காப்பது இதைவிடப் பெரிய பொறுப்பு. இளம்பெண்களுக்கும் ஆண்களுக்கும் இது பொது. “யார்கிட்டயும் சொல்லாதே” என்று ஒருவர் சொன்னால், அதையே அன்றைக்கே சொல்ல வேண்டும் என்ற விதி வேறு எந்த விளக்கத்தையும்விட நன்றாக மனத்தில் நிற்கிறது. யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர்கள்: பணியிடத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்குச் சேர்க்கும்போதே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பயிற்றுநர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பணியிடமும் பழக வேண்டும்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியபோது அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 விழுக்காடாக்கி, அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து வைத்தது. பணியாளர்களில் 5 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகை தரவும் அதில் வழி உண்டு. தேவைக்கேற்பச் சூழலை மாற்றித் தருவது என்ற கருத்தையும் அது வரையறுத்திருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போல, இவர்களுக்கு வேண்டிய சரிவுப்பாதை பேச்சில் இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, படத்தோடு எழுதிய வேலைப் பட்டியல், ‘சீக்கிரம்’ என்பதற்குப் பதில் ‘பன்னிரண்டு மணிக்குள்ளே’.

சக ஊழியர்களோடு ஒரு மணி நேரம் பேசினால் போதும். மருத்துவ விவரம் வேண்டாம். இளைஞரின் சம்மதமின்றி அதைச் சொல்வதும் முறையல்ல. அவருக்கு எது எளிது, எது கடினம், கோபம் வந்தால் ஐந்து நிமிடம் எங்கே போய் உட்காருவார் என்பவை மட்டும் போதும். அவர்களில் ஒருவர் துணையாக முன்வர வேண்டும். பெரும்பாலும் அது யாரும் எதிர்பார்க்காத ஒருவராக, லிஃப்ட் இயக்குபவராகவோ டீ கொண்டுவரும் அக்காவாகவோ இருக்கும். மேலாளர் பார்த்து நியமிப்பவரைவிடத் தானாக நெருங்குபவர் நீடிப்பார்.

பயிற்றுநர் விலகுதல்

முதல் வாரம் முழு நேரமும் பக்கத்தில். பிறகு அதே தளத்தில் சற்றுத் தள்ளி. பிறகு கீழ்த்தளத்தில், பிறகு எதிர் டீக்கடையில், பிறகு போனில். பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்வரை எல்லோரும் அவரிடம்தான் பேசுவார்கள்: “இவர் இன்னைக்குச் சாப்பிட்டாரா?” என்று. அப்போது பதில் சொல்லாமல் இளைஞரை நோக்கிக் கையைக் காட்டிவிட்டு ஒதுங்குவதே விலகுதலின் முதல் படி.

முழுவதும் விலகிய பிறகும் சில நாள்கள் உண்டு, முன்கூட்டியே போய் நிற்க வேண்டியவை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் தியாகராய நகரை வேறு ஊராக்கிவிடும். குரல்கள் உயரும், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். பங்குனியில் அறுபத்துமூவர் நாளன்று கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பேருந்து வழிகள் மாறும். வழக்கமான நிறுத்தத்தில் காத்திருப்பவர் மாலை வரை காத்திருப்பார். சூப்பர்வைசர் மாறுவதும் இவரைப் பொறுத்தவரை கடையே மாறுவதுதான். புதியவர் வரும் வாரத்தில் பயிற்றுநர் ஒரு நாள் நேரில் போய், பழைய பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வேலை நின்றுபோவதும் நடக்கும். நிற்கும் விதத்தையும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது: சீருடையைத் துவைத்துத் திருப்பித் தருவது, மீதிச் சம்பளத்தைக் கேட்டு வாங்குவது, ஒவ்வொருவரிடமும் “போயிட்டு வரேங்க” என்று சொல்வது. ஏன் நின்றது என்று கேட்டால் முதலாளிகள் “சரிப்படலை” என்பார்கள். பயிற்றுநர் அதோடு திரும்பிவிடக் கூடாது. எந்த நாள், எந்த நேரம், யார் என்ன சொன்னார்கள், இளைஞர் என்ன செய்தார் என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். இளைஞரிடமும் தனியாகக் கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் எழுத வேண்டும். அடுத்த கடைக்குப் போகும் முன் பழகிப் பார்க்க வேண்டிய முதல் காட்சி அந்தப் பக்கத்தில் இருக்கிறது.